வெளிச்சத்துக்கு வந்து சொல்லு

போன கிழமை மகள் என்னைக் காது பார்க்கிற இடத்துக்குக் கூட்டிப்போனாள். வெள்ளவத்தையில், காலி வீதிக் கரையில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடி. எனக்குக் காது மந்தம் என்பது மகளின் கட்சி. இந்தக் காலத்து ஆட்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்பது என் கட்சி. எண்பதைத் தாண்டியவளின் கட்சிக்கு எங்கள் வீட்டில் வோட்டு விழுவதில்லை. ஆகவே போனேன்.

கண்ணாடி அறைக்குள் என்னை இருத்திவிட்டு, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பிள்ளை எதிரே வந்து உட்கார்ந்தாள். "அன்ரி, நான் சொல்லுறதை அப்பிடியே திருப்பிச் சொல்லுங்கோ" என்றாள். நல்ல பிள்ளை, நல்ல பல். சொல்லிவிட்டு மேசையில் கிடந்த அட்டை ஒன்றை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டாள். நான் கதிரையோடு ஒட்டிக்கொண்டேன். ஏதோ ஊசி போடப் போகிறார்கள் என்று நான் பயந்ததாக மகள் நினைத்திருப்பாள். அது இல்லை. வாயை மறைக்கிற ஆளைக் கண்டால் எனக்குப் பத்தொன்பது இருபது வயதிலிருந்தே ஒரு பதற்றம். அதற்குக் காரணம் செலஸ்தீனா ரீச்சர்.

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தைத் துணி மில்லின் சங்கு ஒவ்வொரு நாளும் ஊதும், ஒவ்வொரு நாளும் நான் திடுக்கிடுவேன். ஐயா கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பெனியில் கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து எங்களைக் கூட்டிவந்து கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் குடிவைத்திருந்தார். இங்கிலிஸ்காரன் காலம். நான் படித்து முடித்ததும் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை வேலை கிடைத்தது. வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர், நடத்தின பள்ளிக்கூடம். அம்மாவுக்கு அது ஒரு கவலை, எனக்கு அதைத் தவிர மற்ற எல்லாமே கவலை. காலையில் ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து டிராம். டிராமிலிருந்து இறங்கியதும் முதலில் கருவாட்டு வாசனை, பிறகு கயிற்று வாசனை, கப்பல் கரிப்புகை, கோயிலை நெருங்க நெருங்க மெழுகுதிரி. கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் அந்த வழியால் போயிருப்பேன். கண்ணைக் கட்டினால் இன்னும் பயந்திருப்பேன் என்பது வேறு கதை.

பள்ளிக்கூடம் என்றால் ஒரே மண்டபம். நடுவில் பலகைத் தட்டிகள் வைத்து வகுப்புகள் பிரித்திருந்தது. அந்தப் பக்கம் பெருக்கல் வாய்ப்பாடு ஓடினால் இந்தப் பக்கம் பாட்டு நிற்கும். இந்தச் சந்தடிக்கு நடுவில் கடல் பக்கத்து யன்னலோடு ஒட்டி ஒரு மேசை, அதில் தலைமை ஆசிரியை செலஸ்தீனா ரீச்சர். பிள்ளைகள் அவரைப் பெரிய ரீச்சர் என்றார்கள், என்னைச் சின்ன ரீச்சர். கறுப்புக் கரை வைத்த வெள்ளைச் சீலை, இறுக்கிய கொண்டை, கழுத்தில் செபமாலையோடு ஒரு விசிலும் தொங்கும். வயது ஐம்பதைக் கடந்துவிட்டிருந்தது. புருஷன் இல்லை. மருமகன் கப்பலில் வேலைக்குப் போனவன் போனவன்தான். மகள் நெஞ்சு வருத்தக்காரி, அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்குள் ரீச்சராக இருந்தவர், மணி அடித்ததும் பின் தெருவிலிருந்த வாடகை வீட்டு வாசலில் அம்மம்மா ஆகிவிடுவார். அந்த வீட்டில் உலை கொதித்தது ரீச்சரின் சம்பளத்தில்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புகழ் இருந்தது. பிள்ளைகளின் உச்சரிப்பு. துறைமுகக் கூலிகளின் பிள்ளைகள், மட்டக்குளிப் பக்கத்து மீன்பிடிக்காரர் பிள்ளைகள், வாயைத் திறந்தால் ஒவ்வொரு எழுத்தும் கழுவித் துடைத்து வைத்த கோப்பை மாதிரி வரும். பெரிய பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இது எப்படி என்று கேட்டால் ரீச்சர் சிரிப்பார். வகுப்பில் நடப்பது இவ்வளவுதான். எந்தப் பிள்ளை எதைச் சொல்ல எழும்பினாலும் யன்னலடிக்குக் கூப்பிடுவார். "வெளிச்சத்துக்கு வந்து சொல்லு ராசா. வாயைத் திறந்து சொல்லு. உள்ளுக்க என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கிற?" வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினால் அடி விழும். வேறு எதற்கும் அவர் அடித்து நான் பார்த்ததில்லை.

போன புதிதில் அவர் எனக்குக் காலை வணக்கத்துக்குப் பதில் சொல்வதில்லை. பின்னால் நின்று "குட் மோர்னிங் ரீச்சர்" என்பேன், திரும்ப மாட்டார். என்னில் ஏதோ பிடிக்கவில்லை என்று டிராமில் வரும்போதெல்லாம் யோசிப்பேன். நான் சைவப் பிள்ளை என்றா, பொட்டு வைத்திருப்பதாலா, சீலை கட்டின விதம் சரியில்லையா என்று மண்டையைக் குழப்பிக்கொண்டேன். பிறகு ஒருநாள் பிலோமினா என்ற சின்னப் பெண் யன்னலடிக்கு வந்து, அப்பாவுக்குக் காய்ச்சல் என்றாள். ரீச்சர் அன்பாக, அம்மாவுக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். அவள் மறுபடியும் அப்பா என்றாள். அவர் மறுபடியும் அம்மாவை விசாரித்தார். பெரிய ரீச்சருக்கு மறதி என்று பிள்ளைகள் தங்களுக்குள் முடிவு கட்டியிருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், அதே கிழமை அவருடைய கதிரைக்குப் பின்னால் நான் பித்தளை மணியைக் கீழே போட்டிராவிட்டால். மண்டபம் முழுவதும் துள்ளி எழும்பியது. அவர் மட்டும் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருந்தார்.

அன்று பின்னேரம் வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். நீங்களும் ஒருக்கால் நின்று பாருங்கள். சத்தம் வராமல் அம்மா என்று சொல்லுங்கள், பிறகு அப்பா என்று சொல்லுங்கள். வாய் ஒன்றுதான். உதடு மூடுகிறது, திறக்கிறது, ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. பால், மால். படம், மடம். எல்லாம் அப்படியே. ரீச்சர் எங்கள் வாயைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலில் இருந்துவிட்டேன். ஒரு புதிரை விடுவித்த சந்தோஷம் எனக்கு வரவில்லை. இனி இதை நானும் சுமக்க வேண்டுமே என்ற பயம்தான் வந்தது.

நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். பிள்ளைகள் போன பிறகு என்னை யன்னலடிக்குக் கூப்பிட்டு, என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிவிட்டு உட்கார்ந்தார். நெருப்புக் காய்ச்சல் வந்து தப்பினவராம். உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் ஒன்று, சில வருஷத்தில் மற்றது.

"சொன்னா நாளைக்கே இளைப்பாறச் சொல்லுவாங்கள், பிள்ளை. வீட்டில மூண்டு பேர் என்ர வாயைப் பாத்துக்கொண்டு இருக்கினம். நான் உங்கட வாயைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

இளைப்பாறுதல் என்பது எவ்வளவு இதமான சொல். எங்கள் ஊரில் வேலையிலிருந்து நிறுத்துவதற்கு அதுதான் பெயர்.

அவருக்கிருந்த பெரிய ஆபத்து மனேஜர் சுவாமி. பள்ளிக்கூடத்தை நிர்வகித்த கோயில் பாதிரியார். பிரெஞ்சுக்காரர், கொட்டாஞ்சேனைக்கு வந்து நாட்பட்டவர், நல்ல மனுஷர். எங்களைவிடத் திருத்தமான தமிழ் பேசுவார். ஆனால் அந்தத் தமிழ் முழுவதும் ஒரு தாடிக்குள்ளிருந்து வரும். மூக்குக்குக் கீழே தொடங்கி நெஞ்சு வரை இறங்கிய நரைத்த தாடி. மீசை இரண்டு உதட்டையும் மூடியிருக்கும். அவர் பேசுகிறாரா, சும்மா மெல்லுகிறாரா என்பதுகூட ரீச்சருக்குத் தெரியாது. ஆகவே ரீச்சர் ஒரு வழி வைத்திருந்தார். சுவாமி எதைச் சொன்னாலும் தாடி அசைந்து நின்றதும், தலையைக் குனிந்து, "ஓம் சுவாமி."

கூரை ஒழுகுகிறதா என்று கேட்பார், ஓம் சுவாமி. ஒழுகவில்லையே என்று கேட்பார், ஓம் சுவாமி. இப்படிப் பணிவான தலைமை ஆசிரியை மேற்றிராசனத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலுமே இல்லை என்று சுவாமி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் பயம். ஏனென்றால் அந்த நாட்களில் ஒரு கதை அடிபட்டது. ரீச்சருக்கு வயதாகிறது, பயிற்சி பெற்ற இளம் ஆசிரியை ஒருத்தியைக் கொண்டுவர சுவாமி யோசிக்கிறார் என்று. அவர் ஒருநாள் வந்து, ரீச்சர், நீங்கள் இளைப்பாறலாம்தானே என்று கேட்டால் என்ன நடக்கும்? தாடி அசையும். தாடி நிற்கும். எனக்குப் பதில் தெரியும். டிராமில், ரயிலில், சோற்றுக்கு முன்னால், எனக்கு இதே நினைப்பு. சுவாமியின் வெள்ளை அங்கியை வாசலில் கண்டால் நான் ஓடிப்போய் ரீச்சருக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன். நின்று என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்கே தெரியாது.

அப்போது யுத்தம் கிட்ட வந்துவிட்டது. சிங்கப்பூர் விழுந்தது என்ற செய்தி வந்ததும் ஒழுங்கையில் பாதி வீடு பூட்டு. எல்லோரும் ஊருக்குப் போகிற ரயிலில். பள்ளிக்கூட முற்றத்தில் நீளமாக ஒரு குழி வெட்டி, மேலே தென்னங்குற்றி அடுக்கி மூடினார்கள். பதுங்கு குழி என்ற சொல் எங்கள் வாயில் ஏற இன்னும் எத்தனையோ வருஷம் கிடந்தது, அப்போது அதற்கு ட்ரெஞ்ச் என்று பெயர். சைரன் ஊதினால் தலைமை ஆசிரியை விசில் அடித்துப் பிள்ளைகளை வரிசையாகக் குழிக்குள் இறக்க வேண்டும். சுவாமி வந்து, இந்தப் பொறுப்பை நீங்களே எடுக்கிறீர்களா, அல்லது வேறு யாரிடமாவது கொடுக்கவா என்று கேட்டார்.

"ஓம் சுவாமி" என்றார் ரீச்சர்.

சுவாமி என்னைப் பார்த்துப் பெருமையோடு தலையாட்டினார். நானும் ஆட்டினேன், வேறென்ன செய்ய.

அன்று எனக்கு ரீச்சர் மேல் உண்மையாகவே கோபம் வந்தது. இத்தனை பிள்ளைகளின் உயிர். சைரன் கேட்காதவர் கையில் விசில். சுவாமியிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று கோயில் படி வரைக்கும் நடந்தேன். அந்த இரண்டு பேரப்பிள்ளைகளும் படியில் இருந்து கொய்யாக்காய் தின்றுகொண்டிருந்தன. திரும்பி வந்துவிட்டேன். ரீச்சர் எனக்காகக் காத்திருந்தார், நான் எங்கே போய் எதற்குத் திரும்பினேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என் வாயைத்தான் அவர் வாசிப்பார் என்று நினைத்திருந்தேன், முகத்தையும் வாசித்தார்.

"சங்கு ஊதினா என்ர சீலைத் தலைப்பை இழுங்கோ" என்றார். "நீங்கள் காது, நான் விசில்."

அன்றிலிருந்து நான் நிம்மதியாக ஓர் இடத்துக்குப் போனதில்லை. கக்கூசுக்குப் போனால் ஓடிவருவேன். காய்ச்சலோடு வேலைக்குப் போனேன். மழையில், வெயிலில், கிணற்றடியில், எங்கே நின்றாலும் என் காது துறைமுகப் பக்கம் நீண்டிருக்கும். மாட்டு வண்டிக்காரன் கத்தினாலும் ரீச்சரின் தலைப்பில் என் கை போய்விடும். ஒரு தடவை ஐஸ் பழக்காரனின் கொம்புச் சத்தத்துக்கு முழுப் பள்ளிக்கூடத்தையும் குழிக்குள் இறக்கிவிட்டேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. சந்தேகம் என்றால் இழுங்கோ, யோசிக்காமல் இழுங்கோ என்றார்.

இதற்கிடையில் ஐயா தீர்மானித்துவிட்டார். அம்மாவையும் என்னையும் யாழ்ப்பாணம் அனுப்புவது. உயிர்த்த ஞாயிறு முடிந்து வருகிற கிழமை ரயில். நான் அழுதேன், வேலை வேலை என்றேன். காரணத்தை எப்படிச் சொல்வது? ஒரு செவிட்டு ரீச்சரின் சீலையை இழுக்க ஆள் வேண்டும் என்றா? உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து பிள்ளைகளுக்கு மண்டபத்தில் பணிசும் தேத்தண்ணியும் கொடுப்பது வழக்கம். ரீச்சர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். ரீச்சரிடம் நேரே சொல்லிவிடுவது என்ற எண்ணத்தோடு அன்று விடிய ரயில் ஏறினேன். வழி முழுக்க அந்த வசனத்தை உதட்டால் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

சொல்லக் கிடைக்கவில்லை. பணிஸ் பங்கிட்டுக்கொண்டிருந்தபோது துறைமுகப் பக்கம் பீரங்கி வெடித்தது. நேவிக்காரர் சுட்டுப் பழகுகிறார்கள் என்று யாரோ சொன்னார். ஆகாயத்தில் விமானம் தாழ்வாகப் போனது. எங்கள் ஆட்கள் என்று பெரிய பையன்கள் கை காட்டினார்கள். சைரன் ஊதியதா என்று என்னைக் கேட்காதீர்கள். ஊதியது என்று சத்தியம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், ஊதவே இல்லை என்கிறவர்களும் இருக்கிறார்கள். எத்தனையோ நாளாக அந்த ஒன்றுக்காகவே காதைத் தீட்டி வைத்திருந்த எனக்கு அது கேட்கவில்லை. நிலம் அதிர்ந்ததும் நான் இழுத்த இழுவையில் ரீச்சரின் சீலை தோளோடு கிழிந்தது. அவர் கிழிசலைப் பார்க்கவும் இல்லை. விசில் வாயில் ஏறிவிட்டது.

குழிக்குள் மண் வாசனையும் பிள்ளைகளின் தலை எண்ணெய் வாசனையும். எல்லோரும் அருள் நிறைந்த மரியே சொன்னார்கள், நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். அந்தக் குழிக்குள் இருட்டு என்பதால் ரீச்சருக்கு யாருடைய வாயும் தெரியவில்லை. ஆகவே அவர் செபம் எங்களைவிட ஒரு வரி முந்திப் போய்க்கொண்டிருந்தது. என்னுடைய வாழ்க்கையில் அப்படிப் பயந்த நாள் அதற்கு முன் இல்லை.

சத்தம் அடங்கி வெளியே வந்தோம். துறைமுகப் பக்கம் கறுப்புப் புகை. தாய் தகப்பன்மார் ஓடிவந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் கையில் ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். ரீச்சர் பிலோமினாவோடு யன்னலடியில் நிற்பது தெரிந்தது. பிறகு கிழிந்த தலைப்பைச் சுற்றிச் செருகிக்கொண்டு வேகமாக வந்தார். "இதின்ர அப்பா ஹாபர்ல நிக்கிறாராம். பாத்துக்கொண்டு வாறன்" என்றுவிட்டு இறங்கி நடந்தார். பிலோமினாவின் தகப்பனுக்குத் துறைமுகத்தில்தான் வேலை. எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

பிலோமினா என் கையைப் பிடித்து இழுத்தாள். விக்கி விக்கிச் சொன்னாள். பெருநாள் என்றபடியால் அப்பாவுக்கு அப்பமும் கறியும் கொண்டு ஹாபர் கேட்டுக்கு அம்மா போனவவாம். இன்னும் வரவில்லையாம். ரீச்சரிடம் அவள் சொன்னது, அம்மா ஹாபர்ல என்றுதான்.

ரீச்சர் போனது தகப்பனைத் தேடி. அவருக்குப் பின்னால் ஓடவா, பிள்ளையை யாரிடம் விடுவது, ஓடினால் எந்தத் தெருவால் ஓடுவது? புகை வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதற்குள் கோயிலுக்குள் ஆட்களை ஆறுதல்படுத்திவிட்டுச் சுவாமியும் முற்றத்துக்கு வந்துவிட்டார். அங்கியெல்லாம் மண். மிச்சப் பெற்றோரும் அங்கேயே நின்றார்கள்.

நெடுநேரம் கழித்து ரீச்சர் வந்தார். பக்கத்தில் பிலோமினாவின் தகப்பன். உடம்பெல்லாம் கரி, ஆனால் முழுசாக நடந்து வந்தான். ரீச்சரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இந்தா உன்ர அப்பா" என்று பிள்ளையிடம் சொன்னார்.

பிலோமினா தகப்பனைக் கட்டிக்கொண்டு, "அம்மா ரீச்சர், அம்மா" என்று கத்தினாள்.

"ஓம், அப்பாதான், வந்திட்டார்தானே. ஏன் அழுகிறாய்?"

"அம்மா!"

"அப்பாதான் ராசாத்தி."

தகப்பனின் முகம் மாறியது. "அவ எங்க?" என்று எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டான். ரீச்சர் ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். யாருடைய வாயும் அசையவில்லை. நான் அவருக்கு முன்னால் போய் நின்று, வாயை நன்றாகத் திறந்து, "அப்பா இல்லை ரீச்சர், அம்மா" என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவர் கண்ட வாயில் இரண்டும் ஒரே சொல். மறுபடியும் சொன்னேன், அதே வாய். தாய் என்று ஒரு சொல் தமிழில் இருக்கிறது. பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அது எனக்கு யாழ்ப்பாண ரயிலில் வைத்துத்தான் ஞாபகம் வந்தது. அந்த நேரம் வரவில்லை. எத்தனை பேர் பார்க்கிறார்கள், சுவாமி பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டே, இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டை முடிவது போலக் காட்டினேன். பிறகு துறைமுகப் பக்கம் கை நீட்டினேன்.

ரீச்சருக்குப் புரிந்தது. அவர் கண் என்னிடமிருந்து சுவாமியிடம் போனது. தாடி அசையாமல் நின்றது. பிறகு ரீச்சர் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார்.

நாங்கள் காத்திருந்தோம். மத்தியானமும் ஆகிவிட்டது. பிலோமினா என் மடியில் தூங்கிப்போனாள், நான் அசையாமல் இருந்தேன். கடைசியில் மூன்று பேராக வந்தார்கள். தாயைப் புறக்கோட்டைப் பக்கம் ஒரு கடைக்காரர் உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டி வைத்திருந்தாராம். முழங்கையில் சிராய்ப்பு. அப்பம் போன கவலையில் அழுதுகொண்டு வந்தாள். அன்று திரும்பி வராத ஆட்களும் இருந்தார்கள். அடுத்த தெருவில் ஒப்பாரி கேட்கத் தொடங்கியிருந்தது.

போக முன்பு ரீச்சர் என்னை யன்னலடிக்குக் கூப்பிட்டார்.

"செய்தது சரி, பிள்ளை. இனிச் சுவாமி வந்து கேப்பார். நானும் என்ன கேக்கிறார் எண்டு தெரியாமலே ஓம் எண்டு சொல்லுவன்."

அடுத்த கிழமை எங்களை ரயிலேற்றிவிட்டார்கள். கொழும்பே காலியாகிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடமும் பூட்டு. யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டில் மாதக்கணக்காக இருந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் அந்தத் தாடி அசையும். ஓம் சுவாமி, ஓம் சுவாமி என்று எனக்குள்ளே கேட்டுக்கொண்டிருக்கும். மற்றவர்கள் ஜப்பான்காரனுக்குப் பயந்தார்கள். நான் ஒரு நல்ல பாதிரியாருக்குப் பயந்தேன். அந்தப் பேரப்பிள்ளைகள் என்ன சாப்பிடுகின்றன, அந்த வாடகை வீடு இன்னும் இருக்கிறதா, என் இரண்டு கையும் சேர்ந்து அந்த வீட்டைக் கவிழ்த்துவிட்டதா என்று யோசித்தே மெலிந்துபோனேன். காதல் விவகாரம் என்று மாமி சந்தேகப்பட்டது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, ஐயாவைக் கெஞ்சித் திரும்பி வந்தேன். டிராமை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன். மண்டபத்து வாசலில் நின்று பார்த்தால், யன்னலடியில் ரீச்சரோடு யாரோ புது ஆள். வெள்ளை அங்கி. சவரம் செய்த முகம். சுவாமியை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். புது மனேஜர் வந்திருக்கிறார், எல்லாம் முடிந்தது. அப்போது அவர் கொஞ்சம் திரும்பினார். கன்னத்துக்கு மேலே வெயில் தின்ற பழைய முகம், கீழே மட்டும் படம் கழற்றின சுவர் மாதிரி வெள்ளை. எங்கள் சுவாமிதான். அந்த முகத்துக்கு இவ்வளவு சின்ன வாய் இருந்தது அதுவரை கொட்டாஞ்சேனையில் ஒருவருக்கும் தெரியாது.

அவர் யன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைக் கொடுத்து, எங்கள் பிள்ளைகள் சொல்வதுபோலவே ஒவ்வொரு எழுத்தையும் திறந்து சொன்னார். "ரீச்சர், உங்களுக்கு இளைப்பாற விருப்பமா?"

ரீச்சர் தலையைக் குனியவில்லை. அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இல்லை, சுவாமி" என்றார்.

"நல்லது" என்றார் சுவாமி. என்னைக் கடந்து வெளியே போகும்போது, தன் தாடையை ஒருமுறை தடவிக்கொண்டார். வெக்கை தாங்க முடியவில்லை, அதுதான் எடுத்துவிட்டேன் என்று ஊரில் எல்லோருக்கும் சொன்னார். அந்த ஊர் வெக்கையில் அத்தனை வருஷம் தாடியோடு திரிந்த மனுஷர். நான் தட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். பயந்துதான் அழுவேன் என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேன். அன்று அழுதது பயத்தில் இல்லை.

அதற்குப் பிறகும் ரீச்சர் வெகுகாலம் படிப்பித்தார். ஒரு புதுப் பழக்கம் மட்டும் வந்திருந்தது. யாராவது பிள்ளை அந்தச் சொல்லைச் சொன்னால், ஒரு விரலை அதன் மூக்கில் வைத்துப் பார்ப்பார். மூக்கு நடுங்கினால் அம்மா, சும்மா இருந்தால் அப்பா. சுவாமி இரண்டு நாளுக்கொரு தரம் சவரம் செய்து, சாகும்வரை வெறும் முகத்தோடு இருந்தார். இங்கிலிஸ்காரன் போனான். டிராம் போனது. பேரப்பிள்ளைகள் படித்து, கலியாணம் கட்டி, ஒருத்தி கிருலப்பனையில் வீடு வாங்கினாள். ரீச்சர் அங்கேதான் தொண்ணூறு கடந்தும் இருந்தார். கடைசியில் கண்ணிலும் புகார் மூடிப் பார்வை மங்கிவிட்டது. அதற்குப் பிறகு வாய் வாசிக்க முடியவில்லை. நான் போனால் கையை நீட்டி என் முகத்தைத் தேடுவார். விரல் மூக்கில் வந்து நிற்கும். எத்தனையோ செய்தி சொல்ல இருக்கும், ஆனால் விரலுக்குத் தெரிந்தது ஒரு சொல்தான். ஆகவே அந்த ஒன்றையே சொல்வேன். "அம்மா." அவர் தலையாட்டுவார்.

அட்டைக்குப் பின்னாலிருந்து அந்த வெள்ளைக் கோட்டுப் பிள்ளை ஏதோ சொன்னாள். எனக்கு வால் மட்டும்தான் கேட்டது. ஆ என்று முடிந்தது. அம்மாவா அப்பாவா என்று கேட்டேன். அட்டையை எடுங்கோ பிள்ளை, வாயைப் பார்க்க வேணும் என்றேன். எடுத்தால் டெஸ்ட் இல்லையே அன்ரி என்று சிரித்தாள். எடுத்தாலும் தெரிந்திருக்காது, அது எனக்குத்தானே தெரியும். அவளுடைய மூக்கில் விரல் வைக்கத் துடித்த கையை மடியில் அமுக்கிக்கொண்டேன்.

இப்போது மெஷின் மாட்டியிருக்கிறார்கள். காகம் கேட்கிறது, காலி வீதி பஸ் கேட்கிறது, மகள் அடுத்த அறையில் என்னைப் பற்றிச் சொல்வதும் கேட்கிறது. முன்பெல்லாம் வெள்ளவத்தைச் சந்தையில், வங்கியில், கலியாண வீட்டில், யாராவது பேச வாயெடுக்க முன்பு முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினால் எனக்குத் தெரிந்துவிடும். கொட்டாஞ்சேனையில் யன்னலடியில் படித்த பிள்ளை. போய்க் கேட்டால் சரியாகவே இருக்கும், இருவரும் நடுத்தெருவில் நின்று அவரைக் கதைப்போம். அவர்களில் கனபேர் கப்பலும் விமானமும் ஏறிப் போய்விட்டார்கள், மற்றவர்கள் மாதம்பிட்டியில் மண்ணுக்குள். இந்த மெஷினோடு நேற்றுப் பின்னேரம் முழுவதும் காலி வீதியில் நடந்து பார்த்தேன். ஒருவரும் பேச முன்பு வெளிச்சத்துக்குத் திரும்பவில்லை.